2147483647: அண்டை எண்களால் அடையாளம் பெறும் ஒரு பகா எண்

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலும் 2147483647 என்ற எண்ணில் தனிச்சிறப்பு எதுவும் தென்படுவதில்லை. பத்து இலக்கங்கள் ஒழுங்கில்லாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். இதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 2147483648 என்பது இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கினால் வரும் எண், அதாவது 2³¹ என்று தெரிந்தவுடன் காட்சி மாறுகிறது. எண்களைப் பட்டியலிடும் தொகுப்புகள் இந்த எண்ணுக்குப் பல பட்டங்களைச் சூட்டுகின்றன: பகா எண், மெர்சென் பகா எண், இரட்டை மெர்சென் பகா எண், குறைவெண், இரும முறையில் இருபுறமும் ஒன்றுபோல் படிக்கப்படும் எண் என்று அவை நீளும். இந்தப் பட்டங்கள் அனைத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. சில வெறும் அலங்காரம். சில இந்த எண்ணின் உள்ளமைப்பையே காட்டுபவை. எடையுள்ளவை ஏறக்குறைய எல்லாமே இந்த எண்ணுக்குள்ளிருந்து பிறக்காமல், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் அண்டை எண்களின் அமைப்பிலிருந்து பிறக்கின்றன.

அலங்காரப் பட்டங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடக் குறைவாக உள்ள எண்ணைக் குறைவெண் என்பார்கள். எந்தப் பகா எண்ணுக்கும் அந்தக் கூடுதல் 1 மட்டுமே என்பதால், இந்தப் பட்டம் எல்லாப் பகா எண்களுக்கும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. இரும முறையில் எழுதினால் இந்த எண் தொடர்ச்சியான முப்பத்தொரு ஒன்றுகளாக நிற்கும். ஆகவே இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அந்த ஒன்றுகளின் எண்ணிக்கையான 31 ஒரு பகா எண் என்பதற்காகவும் ஒரு பட்டம் தருகிறார்கள். இவை 2³¹ − 1 என்ற ஒரே செய்தியின் மறுபதிப்புகளே. பகா எண்களைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் இது 105097565ஆம் இடத்தில் வருகிறது என்பது மட்டும், பத்து இலக்க எல்லையில்கூடப் பகா எண்கள் எவ்வளவு மலிந்து கிடக்கின்றன என்பதை உணர்த்தும் செய்தி.

இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 1 கழித்துக் கிடைக்கும் எண்களுக்கு, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென்னின் பெயர் நிலைத்துவிட்டது. இப்படிப்பட்ட எண் பகா எண்ணாக வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக அடுக்கு 15 ஆக இருந்தால், 15 என்பது 3-ஆலும் 5-ஆலும் வகுபடுவதால், 2¹⁵ − 1 = 32767 என்ற எண் 2³ − 1 = 7-ஆலும் 2⁵ − 1 = 31-ஆலும் வகுபட்டே தீரும். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது. அடுக்குப் பகா எண்ணாக இருந்தும் எங்கே பொய்க்கும், எங்கே பலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் எளிய விதி எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

சோதித்தவர்கள் பலரும் தவறியிருக்கிறார்கள். இத்தாலியரான பியெத்ரோ கத்தால்தி 1588இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்பதை நேரடி வகுத்தலால் சரியாகவே நிறுவினார். அதற்கு 724 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று அவர் சொன்னவற்றில் 31 மட்டுமே தேறியது. அடுக்கு 23-க்குரிய எண் 47-ஆலும், 37-க்குரியது 223-ஆலும் வகுபடும் என்று 1640இல் ஃபெர்மா காட்டினார். அடுக்கு 29-க்குரிய எண்ணை 233 × 1103 × 2089 என்று உடைத்தவர் ஆய்லர். 1644இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாக இடம்பெற்றும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டும் இருந்தன. ஆகவே அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை நிரூபணமாகக் கொள்ள முடியாது.

நிரூபணம் 1772இல் வந்தது. பெர்னூலிக்கு எழுதிய மடல் ஒன்றில் லெயோன்ஹார்டு ஆய்லர் இந்த எண் பகா எண்தான் என்று அறிவித்தார். அவர் கையாண்ட வழி இன்றும் படித்து ரசிக்கத்தக்கது. இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐவிடச் சற்றே அதிகம். எனவே இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், மிகச் சிறிய காரணி 46340-க்குள் இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் சுமார் 4800 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பதைவிட, எவை காரணியாகவே இருக்க முடியாது என்று முன்கூட்டியே ஒதுக்குவதுதான் அவருடைய உத்தி.

ப என்ற பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ப-ஆல் வகுக்கும்போது 2³¹ மீதி 1 தரும். 31 பகா எண் என்பதால், இரண்டின் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 தருவது 31ஆம் அடுக்கே. அதற்கு முன் வேறெதுவும் தராது. மறுபுறம், ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி (ப − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தரும். இவ்விரண்டையும் சேர்த்தால் ப − 1 என்பது 31-இன் மடங்கு என்றாகிறது. ப ஒற்றை எண் என்பதால் ப − 1 இரட்டை எண், ஆகவே 62-இன் மடங்கு. இதுவே முதல் சல்லடை. இரண்டாவது சல்லடைக்கு 2³¹-ஐ மேலும் ஒரு முறை இரண்டால் பெருக்குகிறோம்: 2³² மீதி 2 தருகிறது. 2³² என்பது 65536-இன் வர்க்கம். எனவே ப-ஆல் வகுத்து மீதி காணும் கணக்கில் 2 என்பது ஒரு வர்க்க எண்ணாக நடந்துகொள்கிறது. அப்படி நடக்க வேண்டுமென்றால் ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருந்தாக வேண்டும். இரண்டு சல்லடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், காரணியாகத் தகுதி பெறுபவை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் பகா எண்கள் மட்டுமே.

இந்த வடிகட்டல் எவ்வளவு கடுமையானது என்பதைத் தொடக்க எண்களிலேயே பார்க்கலாம். 63, 249 இரண்டும் பகு எண்கள். அடுத்து வரும் 311 பகா எண்; அதனால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. பிறகு வரும் 497, 559, 745, 807, 993, 1055, 1241 ஆகிய ஏழும் பகு எண்களாக உதிர்ந்துவிடுகின்றன. அடுத்த பகா எண் 1303. அதனால் வகுத்தால் ஈவு 1648107, மீதி 226. இப்படியே 46340 வரை சென்றால் இரு வடிவங்களிலும் சேர்த்து 373 எண்களே உள்ளன. அவற்றில் பகா எண்கள் ஏறத்தாழ எண்பதுதான். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. நாலாயிரத்து எண்ணூறு வகுத்தல்களில் முடிய வேண்டிய வேலை ஒருசில நாட்களில் கையால் செய்யக்கூடிய அளவுக்குச் சுருங்கியதற்கு, எண்ணுடன் ஒன்று கூட்டினால் 2³¹ வருகிறது என்ற ஒரே காரணம்தான் உண்டு. இதே அளவுள்ள ஏதேனும் ஒரு பகா எண்ணை எடுத்திருந்தால் ஆய்லருக்கு இந்த வசதி கிடைத்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது.

நூறாண்டு கழித்து எத்வார் லூக்கா இதைவிடச் சுருக்கமான வழியொன்றைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டில் டெரிக் ஹென்றி லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். அங்கே வகுத்திகளைத் தேடும் வேலையே இல்லை. 4-இல் தொடங்கி, கையிலுள்ள எண்ணின் வர்க்கத்திலிருந்து 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டும். 4, 14, 194, 37634, 1416317954 என்று வரிசை ஏறுகிறது; அதற்கடுத்த வர்க்கம் எல்லையைத் தாண்டிவிடுவதால் மீதியாக 669670838 கிடைக்கிறது. மொத்தம் 29 முறை இப்படிச் செய்து முடிக்கும்போது சரியாக 0 வந்தால் எண் பகா எண். வராவிட்டால் பகு எண். நம் எண்ணுக்கு 0 வருகிறது. இதில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. கடைசிப் படியில் வர்க்கத்திலிருந்து 2 கழித்தால் 0 வர வேண்டுமென்றால், அதற்கு முந்தைய மீதி இரண்டின் வர்க்கமூலமாக நடந்துகொள்ளும் எண்ணாக இருக்க வேண்டும். ஆய்லர் பயன்படுத்திய அதே 2³² கணக்கின்படி, அந்த எண் 65536 ஆகவோ, அதை மொத்தத்திலிருந்து கழித்த 2147418111 ஆகவோதான் இருக்க முடியும். இந்தச் சோதனை இவ்வளவு எளிதாக இயங்குவதற்கும் அடிப்படை, பின்னால் நிற்கும் அண்டை எண் இரண்டின் தூய அடுக்காக இருப்பதே.

மெர்சென் பகா எண்களின் மீது மிகப் பழங்காலத்திலிருந்தே கவனம் இருந்ததற்குக் காரணம் செவ்விய எண்கள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாக இருக்கும் 6, 28, 496 போன்றவை அவை. 2ⁿ − 1 பகா எண்ணாக இருந்தால் அதனை 2ⁿ⁻¹-ஆல் பெருக்கி ஒரு செவ்விய எண்ணைப் பெறலாம் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் அனைத்தும் இந்த வழியிலேயே பிறக்கின்றன என்று ஆய்லர் நிறுவினார். அந்த வகையில் 2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண்ணான 2305843008139952128 கிடைக்கிறது. அதற்கு மொத்தம் 62 வகுத்திகள். இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811இல் இதைப் பற்றி எழுதியபோது, இனி எவரும் இதைவிடப் பெரிய செவ்விய எண்ணைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றும், இவை பயனற்ற வேடிக்கைப் பொருள்கள் என்பதால் அதற்கு யாரும் முயலக்கூட மாட்டார்கள் என்றும் கருத்துச் சொன்னார். கணித வரலாற்றில் இவ்வளவு முழுமையாகப் பொய்த்த கணிப்புகள் குறைவு. 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியதோடு அது முடிந்துபோனது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 52ஆவது மெர்சென் பகா எண்ணில் 41024320 இலக்கங்கள் இருக்கின்றன.

இனி மற்ற அண்டை எண்களைப் பார்க்கலாம். இரண்டு பகா எண்கள் இரண்டே இடைவெளியில் நின்றால் அவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். நம் எண்ணுக்கு அந்தத் துணை இல்லை. 2147483645 ஐந்தில் முடிவதால் 5-ஆல் வகுபடுகிறது. 2147483649 மூன்றால் வகுபடுகிறது. ஆனால் அந்தத் தோல்வியே ஒரு புதையலைக் காட்டுகிறது: 2147483649-ஐ 3-ஆல் வகுத்தால் வரும் 715827883 ஒரு பகா எண். ஒற்றைப்படை அடுக்குடைய இரண்டின் அடுக்குடன் 1 கூட்டி மூன்றால் வகுத்துக் கிடைக்கும் இத்தகைய பகா எண்களுக்கு வாக்ஸ்டாஃப் பகா எண்கள் என்று பெயர். 31 என்ற அடுக்கு மெர்சென் பகா எண்ணையும் தருகிறது, வாக்ஸ்டாஃப் பகா எண்ணையும் தருகிறது, தானே 2⁵ − 1 என்ற வடிவிலும் இருக்கிறது. இந்த மூன்று தன்மைகளில் இரண்டு ஓர் ஒற்றைப்படை அடுக்குக்குப் பொருந்தினால் மூன்றாவதும் பொருந்தும் என்று பேட்மன், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் மூவரும் 1989இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள். அது நிரூபிக்கப்படாத ஊகம்தான் என்றாலும், 31 அதற்கு மனநிறைவான ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாவது தன்மையை இரண்டின் அடுக்கிலிருந்து 1 குறைந்தோ கூடியோ, நான்கின் அடுக்கிலிருந்து 3 குறைந்தோ கூடியோ இருத்தல் என்று ஊகம் விரிவாக வரையறுக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் எண்ணை இரட்டித்து 1 கூட்டினால் 2³² − 1 = 4294967295 வருகிறது. அது பகா எண்ணாக இருந்திருந்தால் நம் எண்ணுக்கு சோஃபி ஜெர்மேன் பகா எண் என்ற பட்டம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த எண் 3 × 5 × 17 × 257 × 65537 என்று பிரிகிறது. இந்த ஐந்தும் இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் (1, 2, 4, 8, 16 போல் இரண்டின் அடுக்காகவே உள்ள எண்ணை அடுக்காகக் கொண்ட 2-இன் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் பகா எண்கள்) அனைத்தும் ஆகும். ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் மிகையில்லை. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கங்களுடைய ஒழுங்குப் பலகோணங்களில் அறியப்பட்ட மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள் இருப்பதும் இதனால்தான். அதற்கு அப்பால் நிற்கும் 2³² + 1-ஐயும் ஃபெர்மா பகா எண் என்றே நம்பினார். 641 × 6700417 என்று அதை உடைத்தவரும் ஆய்லரே.

வர்க்கங்களின் கூடுதலாக எழுதும் கேள்வியிலும் இந்த எண் முரண்டு பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்பது லக்ராஞ்சு 1770இல் நிறுவிய தேற்றம். பல எண்களுக்கு மூன்றே போதும். சிலவற்றுக்கு இரண்டே போதும். 8-ஆல் வகுத்தால் மீதி 7 தரும் எண்களுக்கு மூன்று ஒருபோதும் போதாது. நம் எண் இருமத்தில் முழுவதும் ஒன்றுகளால் ஆனதால் அந்த மீதி 7 தவிர வேறாக இருக்க வழியில்லை. நான்கு வர்க்கங்கள் தேவை. 46339² + 425² + 10² + 1² என்று எழுதிக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணிப்பொறித் துறையினர் இந்த எண்ணை வேறொரு காரணத்துக்காக மனப்பாடமாக அறிவார்கள். 32 பிட்டுகளில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கி, மீதமுள்ள 31 பிட்டுகளில் எண்ணை வைக்கும் வழக்கமான முறையில், வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. இதனுடன் ஒன்றைக் கூட்டினால் வழக்கமாக −2147483648 என்று தாவிவிடும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை இந்த அளவுள்ள இடத்தில் எண்ணும் பழைய மென்பொருள்கள், ஒருங்கிணைந்த உலக நேரப்படி 2038 ஜனவரி 19 அன்று 03:14:07-க்கு அந்த விளிம்பைத் தொடும். விளிம்பு எண் ஒரு பகா எண்ணாக அமைந்திருப்பது பொறியாளர்கள் திட்டமிட்டது அன்று. 8, 16, 32, 64, 128 பிட்டுகளுக்கான விளிம்பு எண்களை வரிசையாகப் பார்த்தால் பகா எண், பகு எண், பகா எண், பகு எண், பகா எண் என்று மாறி மாறி வருகிறது. 16-க்கும் 64-க்கும் உரிய அடுக்குகளான 15, 63 ஆகியவை பகு எண்களாக இருப்பதால் அவை இரண்டும் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகின்றன.

திட்டமிடாமல் வந்த இந்த வாய்ப்பைச் சமவாய்ப்பு எண்களை உருவாக்குபவர்கள் நன்கு பயன்படுத்திக்கொண்டார்கள். லேமர் வகுத்த முறையைப் பின்பற்றி, 1969இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகியோர் பரிந்துரைத்து, 1988இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தர அளவாக முன்வைத்த வழிமுறை மிக எளிது: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு, அதுவே அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249. அடுத்த பெருக்கல் 4747561509943 என்ற பெரிய எண்ணைத் தருகிறது. இங்கே வகுத்தலே தேவையில்லை. 2³¹ மீதி 1 தருவதால், இந்த எண்ணை 31ஆம் பிட்டில் இரண்டாக வெட்டி, மேல்பாதியைக் கீழ்ப்பாதியுடன் கூட்டினால் போதும். மேல்பாதி 2210, கீழ்ப்பாதி 1622647863, கூட்டினால் 1622650073. அதுதான் மீதி. பத்தாயிரம் படிகள் கழிந்ததும் 1043618065 வர வேண்டும் என்பது, இந்த வழிமுறையைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க நிரலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் சோதனை.

16807 ஏன் என்பதற்கான விடை முன்னால் நிற்கும் அண்டை எண்ணில் இருக்கிறது. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இவ்வளவு சிறிய காரணிகளாக உடையும் எண்ணாக அது இருப்பதால், ஏதேனும் ஓர் எண்ணின் அடுக்குகள் எத்தனை படிகளுக்குப் பின் 1-க்குத் திரும்பும் என்பதை ஏழே ஏழு பகாக் காரணிகளைச் சோதித்து முடிவு செய்துவிடலாம். 7 என்ற எண் அந்தச் சோதனைகள் அனைத்திலும் தேறுகிறது: அதன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களையும் ஒருமுறை தொட்ட பின்னரே தொடக்கத்துக்கு வருகின்றன. அந்தக் காரணிகளில் 5 இல்லை. ஆகவே 7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-க்கும் அதே முழுச் சுற்று கிடைக்கிறது. ரகசியக் குறியீட்டுக்கு இந்த வழிமுறை சிறிதும் உதவாது, ஏனெனில் ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டவருக்கு அடுத்த எண் எல்லாம் வெளிச்சம். சுற்றின் நீளம் உறுதியாகத் தெரிய வேண்டும் என்ற தேவைக்கு மட்டும் இது நன்றாகப் பொருந்தியது.

அடுக்கான 31-உம் ஒரு மெர்சென் பகா எண் என்பதால் 2147483647 இரட்டை மெர்சென் பகா எண் என்ற வகையிலும் அடங்குகிறது. இந்த வகையில் அறியப்பட்டவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. முறையே 3, 7, 31, 127 ஆகிய மெர்சென் பகா எண்கள் அவற்றின் அடுக்குகள். இதே ஏணியில் நம் எண்ணையே அடுக்காக வைத்து மேலும் ஒரு படி ஏறினால், 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று வருகிறது. அவ்வளவு பெரிய எண்ணுக்கும் ஆய்லரின் முதல் சல்லடை அப்படியே செல்லும்: அதன் பகாக் காரணி எதுவானாலும், அதிலிருந்து 1 கழித்தால் 2147483647-இன் மடங்காக இருந்தாக வேண்டும். தேடியவர்களுக்கு அப்படி ஒன்று சிக்கியது: 2147483647 × 137490 + 1 = 295257526626031. ஆகவே அந்தப் படி பகு எண் என்று முடிவாகிவிட்டது. அடுக்குகள் 13, 17, 19 ஆகியவற்றுக்குரிய மெர்சென் பகா எண்களின் மேல் எழுப்பிய படிகளும் பகு எண்களே. அடுத்து எஞ்சியிருப்பது 2⁶¹ − 1-ஐ அடுக்காகக் கொண்ட எண். அதற்குக் காரணி எதுவும் அகப்படவில்லை. லூக்கா-லேமர் சோதனையை அதன்மேல் நடத்துவது இன்றைய கணிப்பொறிகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.